கல்லூரி விடுதியில் புளூ காய்ச்சல்



தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாகத் தில்லிக்கு வரும் ஒருவர் விரைவில் கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களுள் ஒன்று ‘புகார்’. ஒலியில் சற்றே வேறுபாடு உண்டெனினும், நம் செவிக்கு அது தமிழ்ச் சொல்லாகவே கேட்கும். நம் மொழியில் அது முறையீட்டைக் குறிக்கும். இந்தியிலோ காய்ச்சலைக் குறிக்கும். மருத்துவர் “புகார் உண்டா?” என்று வினவ, “எனக்கு ஒருவர்மீதும் புகார் இல்லை” என்று புதிதாய் வந்த தமிழர் விடை பகர்ந்தால் வியப்பில்லை.

இந்த வேடிக்கையினுள் ஓர் உண்மையும் பொதிந்திருக்கிறது. பலர் கூடி வாழும் கல்லூரி விடுதியில் காய்ச்சல் என்பது உரியவரிடம் உடனே தெரிவிக்கப்பட வேண்டிய புகாரேயாகும். அதனை ஒருவன் தன்னுள் வைத்துக்கொண்டால் துன்பம் அவனோடு நில்லாது. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பலர் தம் மக்களை விடுதிகளில் தங்கிப் பயில வைத்திருக்கிறார்கள். ஊரிலுள்ள உறவினரின் மக்களுக்கும் இங்கே காப்பாளராக இருக்கிறார்கள். அவர்களை எண்ணியே இப்பொருளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம். என் தமக்கையின் மகன் தலைநகரிலுள்ள ஒரு கல்லூரியில் முதலாண்டு பயின்றுகொண்டிருந்தான். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு உணவருந்த வருபவன் அந்த ஞாயிறு வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். “ஒன்றுமில்லை மாமா, லேசான தொண்டைக்கட்டு” என்றான். குரல் கரகரத்தது. நான் மேலும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவனே அழைத்தான். அவனுடைய அறைத்தோழன் ஒருவன் ஆஸ்துமா உள்ளவன். மூச்சுவிட இயலாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தான். தனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்ததையும், மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போய்வந்ததையும், இரவில் நால்வரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் உறங்கியதையும் அப்போதுதான் என்னிடம் சொன்னான்.

“ஏனப்பா மறைத்தாய்?” என்று கேட்டேன். “வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள், மாமா. விடுதியில் சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயம். அம்மாவிடம் சொன்னால் உடனே ரயிலேறி வா என்பாள்” என்றான். அத்தோழன் பத்து நாளில் நலம் பெற்றுத் திரும்பினான் என்பது நற்பேறு. ஆனால் அந்த மூன்று காரணங்கள் என் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. அவனுக்கு நோயைப் பற்றிய அறிவு இல்லாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் இழப்பு நேரும் என்ற அச்சமே அவன் வாயை அடைத்தது. விடுதிகளில் புளூ பரவுவதற்கு அறியாமையைக் காட்டிலும் இந்த அச்சமே பெருங்காரணம் என்பது என் கருத்து.

நோயின் இயல்பை முதலில் நோக்குவோம். புளூ என்று சுருக்கமாக வழங்கும் இன்புளுயென்சா சாதாரணச் சளி அன்று. சளி மெல்ல வரும். புளூ திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவன் மாலையில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்நோவு, வறட்டிருமல், மிகுந்த அயர்ச்சி ஆகியவற்றோடு படுத்துவிடுவான். இதனை உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்கிருமி. இக்கிருமியின் ஏ, பி என்னும் இரு வகைகளே ஆண்டுதோறும் மக்களிடையே பரவி வருகின்றன. இக்கிருமி தன் மேற்புறத் தோற்றத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை நோயுற்றவரையும் அது மீண்டும் பற்றக்கூடும்.

கிருமி உடலுட் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், நோய் வெளிப்படும். நோயாளி, அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்கு நோயைத் தரத் தொடங்கிவிடுகிறான். தோன்றிய பின்னும் ஐந்து முதல் ஏழு நாள் வரை தருகிறான். மாத்திரையினால் காய்ச்சல் தணிந்தவன் நலமடைந்தவன் ஆகமாட்டான். அவனுடைய உடற்சூடு குறைந்திருக்கிறதே அன்றி, அவன் இருமும்போது வெளிப்படும் கிருமிகள் குறையவில்லை.

நம் வீடுகளில் ‘எச்சில்’ பார்க்கும் வழக்கம் உண்டு. குவளையை வாயில் வைக்காமல் அண்ணாந்து நீர் பருகுமாறு பாட்டிமார் பழக்கியிருப்பார்கள். அது நல்ல பழக்கமே. விடுதியில் ஒரே நீர்க்குப்பியையும் ஒரே துவாலையையும் நால்வர் பயன்படுத்துவதைக் காணும்போது அதன் அருமை விளங்குகிறது. ஆயினும், புளூவைத் தடுக்க அதுமட்டும் போதாது. இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் எழும் நுண்திவலைகளின் வழியாகவே இந்நோய் பெரிதும் பரவுகிறது. மேலும், கதவுப்பிடி, மேசை போன்ற கெட்டியான பரப்புகளில் இக்கிருமி 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். அவற்றைத் தொட்ட கையால் மூக்கையும் கண்ணையும் தொடும்போது கிருமி உடலுக்குள் இடம் பெறுகிறது.

விடுதிவாழ்வு இக்கிருமிக்கு எத்துணை வசதியானது என்பதற்கு மருத்துவ நூலோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளியில் புளூ தோன்றியது. அங்கிருந்த மாணவர் 763 பேர். ஜனவரி 22 அன்று ஒரு சிலரே நோயுற்றிருந்தனர். ஒரு வாரத்திற்குள் ஏறத்தாழ 300 பேர் ஒரே காலத்தில் படுக்கையில் கிடந்தனர். பிப்ரவரி 4 அன்று நோய் ஓய்ந்தபோது, மொத்தம் 512 பேர், அதாவது மூவரில் இருவர், நோயுற்று எழுந்திருந்தனர். ஆனால், அம்மாணவரோடு பழகிய பெரியவர் 130 பேரில் ஒருவருக்கே அத்தகைய நோய் கண்டது. அப்போது பரவிய இனம் 1957க்கு முன் உலவி, பின் இருபதாண்டுக்காலம் மறைந்திருந்து, 1977இல் மீண்டும் தலைகாட்டிய ஒன்று. முதியோர் உடல் அதனை முன்னரே அறிந்திருந்தது. இளையோர் உடல் அறியவில்லை. இளமை ஒன்றே காப்பு என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டின் வரலாறும் இதனையே கூறுகிறது. 1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த இன்புளுயென்சா இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியரின் உயிரைக் கொண்டது. அவர்களுள் இருபது முதல் நாற்பது வயதினரே மிகுதி. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலொன்றின் வாயிலாக ‘ஆசிய புளூ’ இந்தியாவுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் நாடெங்கும் பரவியது. பதிவான நோயாளிகளே 44 லட்சத்திற்கு மேற்பட்டனர். 2009ஆம் ஆண்டு புதியதோர் இனம் தோன்றியபோது, இந்தியாவில் முதல் உயிரிழப்பு ஆகஸ்ட் 3 அன்று புணே நகரில் நிகழ்ந்தது. இறந்தவர் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. அந்நகரின் பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாள் மூடப்பட்டன.

அந்த ஆண்டில் சுகாதார அறிவிப்புகளைத் தமிழாக்கும் பணி என் மேசைக்கும் வந்தது. நோயாளியைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடினேன். ‘ஒதுக்கி வைத்தல்’ என்று எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். ஊரைவிட்டு ஒதுக்குதல், சாதியைவிட்டு ஒதுக்குதல் எனத் தண்டனைக்கு வழங்கிய சொல் அது. ‘தனிமைப்படுத்தல்’ என்பது வழக்கில் நிலைத்துவிட்டது. அதிலும் சிறையின் சாயல் சற்றே உண்டு. ‘தனியறை ஓய்வு’ என்று எழுதியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காய்ச்சல் கண்ட பதினெட்டு வயது இளைஞன், தன்னை ஒதுக்குவார்கள் என்று எண்ணினால் மறைப்பான். ஓய்வும் உணவும் தருவார்கள் என்று எண்ணினால் சொல்வான்.

எனவே, கல்லூரிகள் செய்ய வேண்டிய முதற்பணி, நோயைச் சொல்பவனுக்கு இழப்பு நேராமற் காத்தல். காய்ச்சலால் வகுப்புக்கு வாராத நாட்களை வருகைக் குறைவாகக் கணக்கிடலாகாது. தவறிய தேர்வை மீண்டும் எழுத வாய்ப்பளிக்க வேண்டும். முதல் மூன்று நாளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காமல் மாணவனின் சொல்லையே ஏற்பது நலம். சான்றிதழ் கேட்டால், படுத்திருக்க வேண்டியவன் மருத்துவ நிலையத்தின் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பத்துப் பேருக்கு நோயை வழங்குவான். இச்சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பது உண்மையே. ஆனால் பொய் சொல்லி விடுப்பெடுக்கும் ஒருவனால் விளையும் தீங்கு, நோயை மறைத்து வகுப்புக்கு வரும் ஒருவனால் விளையும் தீங்கினும் மிகச் சிறிது.

இரண்டாவது, ஒவ்வொரு விடுதியிலும் நோயுற்றோர் ஓய்வெடுக்கச் சில அறைகளை முன்கூட்டியே குறித்து வைத்தல். நோய் பரவிய பின் அறை தேடுவது, தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதாகும். ஒரே நோயுடைய பலரை ஓர் அறையில் வைக்கலாம்; தவறில்லை. அவர்கள் உணவுக்கூடத்திற்கு வராதபடி உணவும் வெந்நீரும் அறைக்கே செல்ல வேண்டும். தனியறைக்கு வழியில்லாத இடத்தில், கட்டில்களை இயன்றவரை விலக்கிப் போட்டு, ஒருவன் தலைமாடு அடுத்தவன் கால்மாட்டின் அருகே அமையும்படி மாற்றிப் படுக்கலாம். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். தில்லியின் குளிரிலும் சிறிதளவேனும் காற்றுக்கு வழி வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு மாடியிலும் இன்று எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பதை விடுதிக் காப்பாளர் நாள்தோறும் ஏட்டிற் குறித்துவர வேண்டும். வழக்கமாக ஒருவர் இருவர் என்றிருப்பது ஒரே நாளில் ஆறு ஏழாக உயர்ந்தால், மறுநாளுக்குக் காத்திராமல் மாவட்ட நோய்க்கண்காணிப்பு அலுவலகத்திற்குத் தெரிவித்தல் நலம். அப்போதே உணவுக்கூடத்தில் சிறு சிறு குழுவாக உண்ண ஏற்பாடு செய்து, விழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் ஒத்திவைக்கலாம். முதல் மூன்று நாளில் செய்யும் சிறு காரியம் பத்தாம் நாளில் செய்யும் பெருங்காரியத்தினும் பயன் மிக்கது.

மாணாக்கர் செய்யத்தக்கவை எளியவை: சோப்பிட்டு இருபது வினாடி கைகழுவுதல், முழங்கை மடிப்பில் இருமுதல், நோயுற்றவரும் அவருக்கு அருகிருந்து உதவுபவரும் முகக்கவசம் அணிதல். இவற்றாற் பயனுண்டா என்று ஐயுறுவோர்க்கு ஓர் ஆராய்ச்சியைச் சுட்டலாம். 2006-07ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் வாழ்ந்த 1,437 மாணாக்கரிடையே இதனைச் சோதித்தனர். முகக்கவசமும் கைத்தூய்மையும் இணைந்து கடைப்பிடிக்கப்பட்ட விடுதிகளில், நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை புளூ போன்ற நோய் 35 முதல் 51 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. முகக்கவசத்தை மட்டும் அணிந்தோரிடம் அத்துணைத் தெளிவான பயன் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே பலன் தருகின்றன. 2020ஆம் ஆண்டில் கோவிட் பரவியபோது நாம் யாவரும் பழகிய வழக்கங்களே இவை.

இனி, மருத்துவத்தைப் பற்றி. உடல்வலிமை உள்ள இளைஞர்க்குப் பெரும்பாலும் ஓய்வும், மிகுதியான நீரும், கஞ்சி, ரசஞ்சாதம் போன்ற எளிய உணவும், மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமாலும் போதும். பாக்டீரியாவைக் கொல்லும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரஸைத் தொடுவதில்லை; மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்குதல் வீண்செலவு, தீங்கும்கூட. ஆஸ்பிரின் கூடாது. இளவயதினருக்கு அதனால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய கேடு நேரக்கூடும். அதுவன்றி, தில்லியில் புளூ பரவும் மழைக்காலத்திலேயே டெங்குவும் பரவுகிறது. டெங்குவில் ஆஸ்பிரினும் ஐபுபுரோபெனும் குருதிக்கசிவை மிகுவிக்கும். இருமலும் தொண்டைநோவும் இல்லாத கடுங்காய்ச்சலெனில் குருதிச் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

நடுவணரசின் சுகாதாரத் துறை 2009இல் நோயாளிகளை மூவகையாகப் பிரித்து வழிகாட்டியது. முதல்வகையினர் லேசான காய்ச்சலும் இருமலும் உடையோர். இவர்களுக்குச் சோதனை வேண்டா, ஓய்வும் கண்காணிப்பும் போதும். இரண்டாம் வகையினர் கடுங்காய்ச்சல் உடையோரும், ஆஸ்துமா, இருதயநோய், நீரிழிவு, கருவுற்ற நிலை போன்ற காரணங்களால் ஆபத்து மிகுந்தோரும். இவர்களுக்கு ஒசெல்டமிவிர் என்னும் மருந்தை மருத்துவர் தருவர். அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் அதன் பயன் மிகுதி. என் மருமானின் அறைத்தோழனுக்கு அந்த 48 மணி நேரம் வாய்க்கவில்லை. அருகிலிருப்பவன் காய்ச்சலோடிருக்கிறான் என்று அவன் அறிந்திருந்தால், முதல் இருமலிலேயே மருத்துவரை நாடியிருப்பான். மூன்றாம் வகையினர் மூச்சுத்திணறல், மார்புவலி, மயக்கம், சளியிற் குருதி, நகம் நீலமாதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடையோர். இவர்களை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு நாள் தணிந்திருந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலும் அவ்வாறே.

நோயாளி எப்போது வகுப்புக்குத் திரும்பலாம்? மாத்திரையின் துணையின்றிக் காய்ச்சல் விட்டு, முழுதாக 24 மணி நேரம் கழிந்த பின்னரே. அதற்குப் பின்னும் சில நாள் முகக்கவசம் அணிதல் நலம்.

பெற்றோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும், “ஊருக்கு வந்துவிடு” என்று சொல்லத்தான் மனம் விரும்பும். விடுதியில் நோய் பரவியிருக்கும்போது அவ்வாறு சொல்லாதீர்கள். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாட்பயணம். வண்டி ஏறும்போது நலமாகத் தோன்றுபவனுக்கு நாகபுரியைத் தாண்டும்போது காய்ச்சல் காணலாம். அப்பெட்டியில் உள்ளோர் அவனோடு அடைபட்டிருப்பார்கள். வீட்டில் அவனை எதிர்பார்த்திருப்பவரோ எழுபது வயதுப் பாட்டி. முதியோர்க்குப் புளூ, நுரையீரல் அழற்சியாக முதிர்ந்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும். பிள்ளை அங்கேயே ஓய்வுகொள்ளட்டும். அதே நகரில் வாழும் உறவினரோ தமிழன்பரோ வாயிற்படிவரை கஞ்சியைக் கொண்டு சேர்க்கலாம். மொழி அறியாத மாணவனுக்காக மருத்துவரிடம் தொலைபேசியில் நான்கு சொல் பேசலாம். ‘புகார்’ காய்ச்சல், ‘கான்சி’ இருமல், ‘சான்ஸ்’ மூச்சு. இம்மூன்று சொற்களேனும் வடபுலத்தில் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு குறிப்பு. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிய ஊசி வேண்டும். இட்டபின் காப்பு உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பலரும் அறியாத செய்தி யாதெனில், நம் நாட்டில் புளூவின் பருவம் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. தில்லி, இலக்னோ, புணே, கொல்கத்தா முதலிய நகரங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன் முதல் செப்டம்பர் வரை அது உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகுகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே, ஊரில் அக்காலத்துக்கேற்ப ஊசி போட்டுக்கொண்டு பழகியவர்கள், வடக்கே பயிலும் பிள்ளைக்கு அதனை ஏப்ரல், மே மாதங்களிலேயே போட ஏற்பாடு செய்தல் வேண்டும். ஆஸ்துமா போன்ற நோய் உடையவர்க்கு இது இன்றியமையாதது. அவரோடு ஓரறையில் வாழ்வோரும் போட்டுக்கொள்வது சிறப்பு.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஒரு கேள்வியோடு நின்றுவிட்டேன். “ஒன்றுமில்லை” என்ற விடையை நம்ப எனக்கும் எளிதாக இருந்தது. நீங்கள் இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். உடற்சூட்டை அளந்தாயா, மாத்திரை ஏதும் விழுங்கினாயா, உன் அறையில் உள்ளவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் சினவாமலும் பதறாமலும் கேட்டுக்கொள்வோம் என்ற நம்பிக்கையை முன்கூட்டியே அவர்களுக்கு அளியுங்கள். அந்த நம்பிக்கை வீட்டிலும் விடுதியிலும் கிடைக்குமாயின், நம் பிள்ளைகள் காய்ச்சலை இந்தியிலும் தமிழிலும் ஒருங்கே ‘புகார்’ ஆக்கி உரிய நேரத்தில் சொல்வார்கள்.